இருத்தலும் ஆதலும்: ஓர் ஆங்கில விகுதியின் வரலாறு

நம் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும் இரண்டு ஆங்கில உருக்கள் உண்டு. ஒன்று, கேக் செய்பவர்கள் சில துளிகள் விடும் வெனிலா எசென்ஸில் உள்ள எசென்ஸ். தத்துவ வகுப்பில் ‘சாரம்’ என்று நாம் மொழிபெயர்ப்பதும் அதுவே. மற்றொன்று தனித்து நிற்காதது. அடோலசென்ஸ், கான்வலசென்ஸ், அப்ஸலசென்ஸ், ஃப்ளோரசென்ஸ் என்று சொற்களின் இறுதியில் ஒட்டிக்கொண்டு வருவது. எழுத்துக்கூட்டலில் இவ்விரண்டுக்கும் இடையே ஓரெழுத்துதான் வேறுபாடு. பொருளிலோ இவை ஒன்றற்கொன்று மறுதலை. முன்னது இருத்தலைச் சொல்வது. பின்னது ஆதலைச் சொல்வது.

சாரம் என்னும் பொருள் தரும் சொல் இலத்தீன் மொழியின் ‘எஸ்ஸே’, அதாவது ‘இரு’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. கிரேக்கத் தத்துவர்களின் ‘ஊசியா’ என்ற சொல்லைத் தம் மொழியில் சொல்ல உரோமானியர்கள் ‘எஸ்ஸென்ஷியா’ என்றொரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். இச்சொல்லைப் பயன்படுத்த நேரும்போது செனெகா தம் கடிதமொன்றில் நண்பரிடம் ஏறத்தாழ மன்னிப்பே கேட்கிறார். கலைச்சொல் ஆக்குவோரின் கூச்சம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பது தமிழில் அப்பணியைச் செய்வோருக்கு ஓர் ஆறுதல்.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது மற்றதை. ஒரு விகுதிக்கு வரலாறு இருக்குமா என்று வாசகர்கள் ஐயுறலாம். இருக்கிறது. அவ்வரலாற்றில் ஒரு செருப்புத் தொழிலாளி, ஓர் இயற்பியல் பேராசிரியர், ஒரு மனை வணிகர், மின்விளக்கு உற்பத்தியாளர்களின் கூட்டணி ஒன்று, ஸ்காட்லாந்தின் மீனவர் சிலர் ஆகியோர் வருகிறார்கள். இறுதியில் தொல்காப்பியரும் வருகிறார்.

கச்சாமியும் கிரெஸ்கெரெயும்

இலத்தீனில் சில வினைச்சொற்களின் நடுவே ‘ஸ்க்’ என்றோர் ஒலி வந்து அமரும். எல்லா இடத்திலும் இல்லாவிடினும் பல இடங்களில் அது ‘தொடங்குதல்’, ‘ஆகிவருதல்’ என்ற பொருளைத் தரும். சிவப்பாக இருத்தல் ஒரு வினை. அதனோடு ‘ஸ்க்’ சேர்ந்தால் சிவக்கத் தொடங்குதல். ‘மாலை ஆகிக்கொண்டிருக்கிறது’ என்பதை ‘வெஸ்பெராஸ்கிட்’ என்று ஒரே சொல்லில் அவர்களால் சொல்ல முடிந்தது. யார் செய்வது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. மாலை யாராலும் செய்யப்படுவதில்லை. அது தானே ஆகிறது.

இந்த ஒலிக்கூறு இலத்தீனுக்கு மட்டும் உரியதன்று. இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் மிகப் பழைய சொத்து. சமஸ்கிருதத்தில் ‘கம்’ என்னும் வினையடி நிகழ்காலத்தில் ‘கச்சதி’ என்று ஆகும்போது இடையில் தோன்றும் ‘ச்ச’ அதன் உடன்பிறப்பே என்பது ஒப்பியல் மொழிநூலார் கண்ட முடிவு. புத்தரைச் சரணடையும் வாசகத்தின் வழியே நாம் அனைவரும் அறிந்த ‘கச்சாமி’ என்ற பாலிச் சொல்லும் அடோலசென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் இவ்வகையில் தூரத்து உறவினர். வடமொழியில் அவ்வொலி தன் தனிப்பொருளை இழந்து வெறும் உறுப்பாகிவிட்டது. இலத்தீனிலோ அது ஆதலின் அடையாளமாக நிலைத்தது. அதிலிருந்து பிறந்த ‘-எஸ்கென்ஷியா’ என்ற பெயர்ச்சொல் ஈறு பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

இதன் அழகு இரட்டைகளில் தெரியும். ‘ஊட்டி வளர்த்தல்’ என்று பொருள்படும் ‘அலெரெ’ என்ற வினையிலிருந்து, ‘வளர்ந்து வருதல்’ என்னும் ‘அடோலெஸ்கெரெ’ பிறந்தது. (பழைய மாணவர் சங்கங்களின் ‘அலும்னி’யும் அதே ‘அலெரெ’யின் வழி வந்ததே, ஊட்டி வளர்க்கப்பட்டவர் என்பது அதன் பொருள்.) இந்த ஒரே வினையின் நிகழ்கால எச்சத்திலிருந்து வந்தது ‘அடோலசென்ட்’, இறந்தகால எச்சத்திலிருந்து வந்தது ‘அடல்ட்’. வளர்கின்றவர், வளர்ந்தவர் என்ற இருவரும் இருவேறு உயிரினங்கள் அல்லர், ஒரே வினையின் இரு காலங்கள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடு போராடும் பெற்றோர் இந்த இலக்கணச் செய்தியை அறிந்திருப்பது நல்லது.

உரோமானியர்களிடம் இப்பருவத்துக்குக் கறாரான வயதெல்லையும் இருந்ததில்லை. கி.மு. 63இல் கட்டிலினாவின் சதியை முறியடித்தபோது சிசரோவுக்கு 43 வயது. பிற்காலத்தில் அந்தோணிக்கு எதிராக எழுதிய உரையொன்றில் அந்த நாளைய தம்மை அவர் வளர்கின்றவர் என்ற பொருள்தரும் அதே சொல்லால் குறிக்கிறார். நாற்பதைக் கடந்துவிட்ட நம்மைப் போன்றோர் இதைப் படித்துச் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.

இன்னோர் எடுத்துக்காட்டு பிறை. வளர்தல் என்னும் பொருள்தரும் ‘கிரெஸ்கெரெ’யிலிருந்து வந்த ‘கிரசென்ட்’ முதலில் வளர்கின்ற நிலவைக் குறித்தது. நாளடைவில் ஆங்கிலம் வளர்ச்சியை மறந்து வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டது. இன்று தேய்பிறையும் அங்கே கிரசென்ட்தான்; வளைந்து செல்லும் தெருவும் கிரசென்ட்தான். தமிழிலோ வளர்பிறை வளர்பிறையாகவே இருக்கிறது. காரணம், அது வினைத்தொகை. வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை என்று முக்காலமும் கரந்து நிற்கும் அத்தொகையில் ஆதல் உறைந்துபோவதில்லை. அடோலசென்ஸுக்கு நம் கலைச்சொல்லாளர்கள் ‘வளரிளம் பருவம்’ என்று வைத்ததும் அதே வழியில்தான். இலத்தீன் ஓர் இடைநிலையால் செய்ததைத் தமிழ் காலங்காட்டும் உறுப்பை மறைத்துச் செய்கிறது.

ஒளியின் பக்கம் திரும்பிய விகுதி

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் பொலோனா நகரத்தில் வின்சென்சோ கஸ்காரியோலோ என்றொரு செருப்புத் தொழிலாளி இருந்தார். ஓய்வு நேரத்தில் இரசவாதம் பயின்றவர். அருகிலிருந்த மலையில் கிடைத்த கனமான கல்லொன்றை அவர் சுட்டு வைக்க, அது பகலில் வெயில் பட்டபின் இருளில் ஒளிர்ந்தது. தங்கம் கிடைக்கவில்லை, ‘பொலோனாக் கல்’ கிடைத்தது. ஐரோப்பிய அறிவுலகம் நூறாண்டுகளுக்கு மேல் அக்கல்லை வைத்து வியந்தது. இவ்வகை ஒளிர்வுக்குப் பின்னாளில் ஃபாஸ்பரசென்ஸ் என்று பெயர் வந்தது. விகுதி மெல்ல ஒளியின் பக்கம் சாயத் தொடங்கியது.

அதை முழுவதும் சாய்த்தவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் 1819இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் 1849 முதல் 1903இல் மறையும் வரை லூக்காசியன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். கொய்னா மருந்தின் கரைசல் தண்ணீரைப்போல் நிறமற்றது. ஆனால் வெயிலில் பிடித்தால் அதன் மேற்பரப்பில் நீல ஒளி படரும். ஜான் ஹெர்ஷெல் 1845இல் இதை எழுதியிருந்தார். ஸ்டோக்ஸ் ஒரு முப்பட்டகத்தால் சூரிய ஒளியை நிறமாலையாக விரித்து, கொய்னாக் கரைசல் நிறைந்த குழாயை அந்நிறங்களின் ஊடே மெல்ல நகர்த்தினார். சிவப்பில் மாற்றமில்லை; பச்சையில் மாற்றமில்லை. ஊதாவை நெருங்கும்போதும், அதையும் கடந்து கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டுப் பகுதியிலும், கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. காணாத ஒளி காணும் ஒளியாக ஆகிக்கொண்டிருந்தது. 1852இல் இராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான நீண்ட கட்டுரையில் அவர் இதை விளக்கினார்.

இந்நிகழ்வுக்கு அதுவரை வழங்கிய பெயர்கள் ஸ்டோக்ஸுக்கு நிறைவு தரவில்லை. எனவே அடிக்குறிப்பு ஒன்றில், ஓபல் கல்லிலிருந்து ஓபலசென்ஸ் என்ற சொல் வந்ததுபோல், ஃப்ளோர்ஸ்பார் என்னும் கனிமத்திலிருந்து ஃப்ளோரசென்ஸ் என்றொரு சொல்லை ஆக்கலாமா என்று எண்ணுவதாகத் தயக்கத்துடன் எழுதினார். அடுத்த ஆண்டிலேயே தயக்கம் விலகி அச்சொல்லைக் கையாளத் தொடங்கிவிட்டார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்றுண்டு. ஃப்ளோர்ஸ்பார் என்ற பெயரின் வேர் ‘பாய்தல், ஒழுகுதல்’ என்னும் இலத்தீன் வினை. உலோகம் உருக்குவோர் தாது எளிதில் இளகி ஓட அக்கல்லைச் சேர்த்ததால் வந்த பெயர் அது. ஆக, ஃப்ளோரசென்ஸ் என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் கொண்டால் ‘ஒழுகத் தொடங்குதல்’ என்றே வரும். ஒளி அச்சொல்லின் எந்த உறுப்பிலும் இல்லை. ஆயினும் ஸ்டோக்ஸுக்குப் பின் அறிவியலார் காதில் இவ்விகுதி ஒளிர்வின் விகுதியாகவே கேட்டது. 1888இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஐல்ஹார்ட் வீடெமான், சூடின்றி வரும் ஒளி அனைத்துக்கும் பொதுப்பெயர் தேடியபோது லூமினசென்ஸ் என்ற சொல்லையே அமைத்தார். ஆதலைச் சொல்லப் பிறந்த விகுதி, அடிக்குறிப்பு ஒன்றின் வழியே ஒளியைச் சொல்லவும் கற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த ஃப்ளோரசென்ஸ் ட்யூப்லைட் ஆக வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1938இல் இவ்விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழாய்க்குள் பாதரச ஆவி புறஊதா ஒளியை வெளியிட, உட்சுவரின் பூச்சு அதைக் காணும் ஒளியாக மாற்றும். கொய்னாக் குழாயில் ஸ்டோக்ஸ் கண்டது இதுவே. சுவிட்சைப் போட்டவுடன் எரியாமல், சோக்கும் ஸ்டார்ட்டரும் கூடிக் கண்சிமிட்டிச் சிமிட்டிப் பிறகே எரிவதால், ஒரு செய்தியைத் தாமதமாகப் புரிந்துகொள்பவரை நம் ஊர் ‘ட்யூப்லைட்’ என்று அழைத்தது. இலத்தீன் அறியாத நம் தெருக்கள், எரிதலுக்கும் எரியத் தொடங்குதலுக்கும் இடையிலுள்ள அந்தச் சில நொடிகளைப் பிடித்துப் பெயராக்கிவிட்டன. விகுதியின் மூலப்பொருளை அறிவியலார் மறந்த இடத்தில் கேலி பேசும் நாக்கு மீட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

வளர்தலும் மூத்தலும்

அடோலசென்ஸ் என்ற சொல் பதினைந்தாம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் உண்டு. அதை ஒரு துறையாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால். கிளார்க் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். 1909இல் ஃபிராய்டை அமெரிக்காவுக்கு அழைத்து உரையாற்றச் செய்தவர். 1904இல் அவர் வெளியிட்ட ‘அடோலசென்ஸ்’ இரண்டு பெருந்தொகுதிகள். அப்பருவம் புயலும் கொந்தளிப்பும் நிறைந்தது, அது எல்லா மனிதர்க்கும் இயற்கை என்பது அவர் கருத்து. 1928இல் மார்கரெட் மீட் சமோவாத் தீவின் இளம்பெண்களைப் பற்றி எழுதிய நூல், அக்கொந்தளிப்பு இயற்கையின் விளைவன்று, பண்பாட்டின் விளைவு என்று வாதிட்டது. மீடின் ஆய்வும் பின்னாளில் கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும் அவர் கேட்ட கேள்வி நிற்கிறது. ஓர் ஆதலைக் கண்டால் அது தானே ஆகிறதா, ஆக்கப்படுகிறதா?

இக்கேள்வி வெறும் கல்விப்புலக் கேள்வியன்று என்பதற்கு ஹாலின் நூலே சான்று. அதன் இரண்டாம் தொகுதியில் ‘வளரிளம் இனங்கள்’ பற்றி ஓர் இயல் இருக்கிறது. ஐரோப்பியர் ஆட்சிக்கு உட்பட்ட மக்களினங்கள் பலவற்றை அவர் குழந்தைகளாகவும் வளரிளம் பருவத்தினராகவும் காண்கிறார். அவர்களை அழிப்பதைக் கண்டிக்கவும் செய்கிறார். அன்புடன் நடத்தச் சொல்கிறார். ஆனால் அந்த அன்பு பெரியவர் சிறுவரிடம் காட்டும் அன்பு. ஒரு மக்களினத்தை ‘வளர்கின்றவர்’ என்று அழைத்துவிட்டால், ‘வளர்ந்தவர்’ என்று ஒப்புக்கொள்ளும் நாளைக் குறிக்கும் உரிமை அழைப்பவர் கைக்குப் போய்விடுகிறது.

இந்த இலக்கணம் நமக்கும் அந்நியமன்று. 1917 ஆகஸ்டு 20 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியத் துறைச் செயலர் மாண்டேகு செய்த அறிவிப்பு, இந்தியாவில் பொறுப்பாட்சி படிப்படியாக மலரும் என்றது. ஒவ்வொரு படியின் காலத்தையும் அளவையும் முடிவு செய்வோர் பிரிட்டிஷ் அரசும் இந்திய அரசுமே என்றும் அது தெளிவுபடுத்தியது. ஆகிக்கொண்டே இருங்கள், ஆகிவிட்டீர்களா என்பதை நாங்கள் சொல்கிறோம் என்பதே அதன் சாரம்.

ஹாலின் வாழ்க்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. 1920இல் ஓய்வு பெற்ற அவர், 1922இல் ‘செனசென்ஸ்’, அதாவது மூப்படைதல், என்ற தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். 1924இல் மறைந்தார். இளமையை ஆதல் என்று எழுதியவரே முதுமையையும் அதே விகுதியால் எழுதினார். மூப்பு என்பது முடிந்துபோன நிலையன்று, அதுவும் ஒரு வளர்ச்சி, அதற்குரிய பணிகளும் உளநிலையும் அதற்கு உண்டு என்று அவர் வற்புறுத்தினார். வேலையிலிருந்து விலகியபின் உலகம் தம்மை முடிந்த கணக்காகக் கருதுவதைத் தம் அனுபவத்தில் கண்டு எழுதிய நூல் அது. பிறரை என்றென்றும் ஆகிக்கொண்டிருப்பவர்களாகக் கண்டவர், தம்மை ஆகிமுடிந்தவராக உலகம் காணும்போது அதே விகுதியில் தஞ்சம் புகுந்தார். வரலாற்றின் இத்தகைய நயங்களை எந்தப் புனைகதையாளனும் திட்டமிட்டு அமைத்துவிட முடியாது.

திட்டமிட்ட வழக்கொழிவு

அப்ஸலசென்ஸ் என்பது வழக்கொழிந்து வருதல். ‘அப்ஸலீட்’ என்றால் வழக்கொழிந்தது; ‘அப்ஸலசென்ட்’ என்றால் வழக்கொழிந்து கொண்டிருப்பது. தமிழில் ‘வா’ என்னும் துணைவினை இவ்வேலையைச் செய்கிறது: நோயாளி தேறி வருகிறார், விளக்கு மங்கி வருகிறது, சொல் வழக்கொழிந்து வருகிறது.

மங்கி வரும் விளக்கிலிருந்தே இக்கதையும் தொடங்குகிறது. 1924 டிசம்பரில் ஜெனீவாவில், உலகின் பெரிய மின்விளக்கு உற்பத்தியாளர்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஜெர்மனியின் ஆஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ், பிரான்சின் விளக்கு நிறுவனம் முதலியவை அதில் இருந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் தன் கிளைகள் வழியாகத் தொடர்பு கொண்டிருந்தது. ஃபீபஸ் என்று பெயர்பெற்ற அக்கூட்டணி சந்தையைப் பங்கிட்டுக்கொண்டதோடு, குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரம் என்று வரையறுத்தது. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணி நேரம் எரியும் பல்புகள் விற்பனையில் இருந்தன. தம் பல்பு கூடுதலாக எரிந்தால் உறுப்பினர் தண்டம் கட்ட வேண்டும். எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தண்டம். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது இவ்வேற்பாடு குலைந்தது.

நியாயமாக, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மின்னிழையை அதிகச் சூட்டில் எரித்தால் ஒளி கூடும், மின்சாரம் மிச்சமாகும், ஆயுள் குறையும். 1,000 மணி நேரம் என்பது இவற்றுக்கிடையே ஏற்கத்தக்க சமரசமே என்று 1951இல் பிரிட்டனின் ஏகபோக ஆணையத்தின் அறிக்கை கருதியது. கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் புகழ்பெற்ற பல்பும் மிக மங்கலாகத்தான் எரிகிறது. ஆயினும் நல்ல சமரசமாக இருந்தால் அதை வாங்குவோரிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாமே, மீறியவருக்குத் தண்டம் எதற்கு என்ற கேள்வி எஞ்சுகிறது.

ஃபீபஸ் செய்ததை 1932இல் பெர்னார்ட் லண்டன் என்ற நியூயார்க் மனை வணிகர் கொள்கையாகவே எழுதினார். பெருமந்தக் காலம். மக்கள் பழைய பொருள்களை விடாமல் பயன்படுத்துவதே வேலையின்மைக்குக் காரணம் என்று அவர் எண்ணினார். செருப்பு, வீடு, இயந்திரம் என ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியின்போதே அரசு ஓர் ஆயுட்காலம் குறிக்க வேண்டும். அக்காலம் முடிந்ததும் அப்பொருள் சட்டப்படி இறந்துபோனதாகக் கருதி அழிக்க வேண்டும். புதியன செய்யும் வேலை பெருகும். திட்டமிட்ட வழக்கொழிவின் வழியாக மந்தத்தை முடித்தல் என்பது அவருடைய சிறு வெளியீட்டின் தலைப்பு. 1954இல் மில்வாக்கி நகர வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் இத்தொடரைப் பரவச் செய்தார். அவர் பொருளைச் சாகடிக்கச் சொல்லவில்லை. தேவைக்குச் சற்று முன்பாகவே, சற்றுப் புதியதை விரும்பும்படி வாங்குவோர் மனத்தைப் பழக்கினால் போதும் என்றார். பொருள் அப்படியே இருக்கும். பார்ப்பவர் கண்ணில் அது பழசாகிவிடும்.

‘திட்டமிட்ட’ என்ற அடைமொழியும் இவ்விகுதியும் சேர்வது இலக்கண முரண் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மாலை யாரும் திட்டமிட்டு ஆவதன்று. வினைமுதல் இல்லாத ஆதலுக்காகப் பிறந்த உருவில் வினைமுதலைக் கொண்டுவந்து வைத்தவர் லண்டன். வெளிப்படையாகச் செய்தார் என்பது அவருக்குப் பெருமை. 2015இல் பிரான்சு, பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை இரண்டாண்டுச் சிறையும் 300,000 யூரோ தண்டமும் விதிக்கத்தக்க குற்றமாக்கியது. தானே ஆவதைத் தண்டிக்க முடியாது. சட்டம் அங்கே ஒரு வினைமுதலைக் கண்டது.

ட்யூப்லைட்டின் முறையும் வந்துவிட்டது. பாதரச நஞ்சைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் அதே ஜெனீவாவில் கூடி, ஃப்ளோரசென்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் முடித்துக்கொள்ள இசைந்தன. இவ்வழக்கொழிவு காரணம் சொல்லி, பலரறியச் செய்யப்பட்டது. ஜெனீவாவின் இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

மொழிகளைப் பற்றிச் சொல்லும்போது

விளக்கும் செருப்பும் போகட்டும். இவ்விகுதி மொழிகளின் மீதும் வந்து அமர்ந்தது. 1989இல் அமெரிக்க மொழியியலாளர் நான்சி டோரியன் பதிப்பித்த கட்டுரைத் தொகுதியின் தலைப்பிலேயே மொழிகளின் அப்ஸலசென்ஸ் இடம்பெற்றது. டோரியன் 1963 முதல் ஸ்காட்லாந்தின் கிழக்கு சதர்லாந்தில் பிரோரா, கோல்ஸ்பி, எம்போ என்னும் மூன்று கடற்கரை ஊர்களின் மீனவர் பேசிய கேலிக் வழக்கை ஆராய்ந்தவர். அம்மொழியை முழுதும் புரிந்துகொண்டு, குறைபடப் பேசுவோரை ‘அரைப் பேச்சாளர்’ என்று பெயரிட்டு அவர்களுடைய மொழியையும் மதித்துப் பதிவு செய்தவர்.

அங்கே கேலிக் வழக்கொழிந்து வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் அது மாலையாவது போல் ஒலிக்கும். நடந்ததோ வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்துப் பெருநிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காக உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளின் குடியானவர்களை வெளியேற்றிக் கடற்கரைக்குத் தள்ளினர். உழவர் சிலர் மீனவர் ஆயினர். 1872ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் எல்லோரையும் பள்ளிக்கு அழைத்தது. கேலிக்குக்கு அங்கே இடம் வைக்கவில்லை. மீனவர் என்ற இழிவு அவர்களை ஊரின் மற்றவரிடமிருந்து பிரித்து வைத்தது. அந்தப் பிரிவினாலேயே மொழி அவர்களிடம் நீண்ட நாள் தங்கியது. மீன்பிடித் தொழில் நசிந்து, பிரிவு மறைந்து, இழிவை உதற வழி பிறந்தபோது, இழிவின் அடையாளமாயிருந்த மொழியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டனர். நிலம், பள்ளி, தொழில், மானம் என்று நான்கு காரணங்கள் உண்டு. ஒற்றை விகுதி நான்கையும் விழுங்கிவிடும். டோரியன் விழுங்க விடவில்லை என்பதே அவர் ஆய்வின் சிறப்பு.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2005இல் கேலிக் மொழிச் சட்டத்தையும், 2025இல் அதற்கு அலுவல் தகுதி தரும் சட்டத்தையும் நிறைவேற்றியது. கிழக்கு சதர்லாந்து மீனவர் வழக்குக்கு அவை காலங்கடந்தவை. ஆனால் வழக்கொழிவு காரணங்களால் நேர்வது, காரணங்களை மாற்ற இயலும் என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டதற்கு அவை சான்று.

காரணம் முதலாக

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இப்பொருள் பற்றி நான்கு சிறு விதிகள் சொல்கிறார். இயற்கைப் பொருளை அதன் இயல்பால் ‘இத்தன்மையது’ என்று சொல்ல வேண்டும். செயற்கைப் பொருளை ஆக்கச் சொல் கொடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஆக்கச் சொல் காரணத்தை முன்னிட்டு வர வேண்டும். எருவிட்டு, களை பறித்து, நீர் பாய்ச்சியதால் பயிர் நன்றாயிற்று என்பதுபோல உரையாசிரியர்கள் இதை விளக்குவர். நான்காவது விதி உலகியல் அறிந்தது: காரணத்தைச் சொல்லாமல் ஆக்கத்தை மட்டும் சொல்வதும் வழக்கில் உண்டு.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட இரண்டு எசென்ஸ்களையும் இவ்விதிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று ‘இத்தன்மையது’ என்பது, மற்றொன்று ஆக்கம். ஆங்கில விகுதியின் வரலாறு பெரும்பாலும் நான்காம் விதியின் வரலாறாகவே நடந்திருக்கிறது. இனங்கள் ‘வளர்ந்துகொண்டிருந்தன’, பல்புகள் ‘பழுதாகிக்கொண்டிருந்தன’, மொழிகள் ‘வழக்கொழிந்துகொண்டிருந்தன’. யாரால், எதனால் என்பது சொல்லப்படாமலே ஆக்கம் நிகழ்ந்தது. வழக்கு இடம் கொடுக்கிறது என்பதற்காக மூன்றாம் விதியை நாம் மறந்துவிட வேண்டியதில்லை.

வகுப்பறையில், மேடையில், நாளிதழில், வாசிப்புப் பழக்கம் குறைந்து வருகிறது, இந்தச் சொல் மறைந்து வருகிறது, அந்தத் தொழில் அழிந்து வருகிறது, தமிழே தேய்ந்து வருகிறது என்று நாமும் நாள்தோறும் கேட்கிறோம், சொல்லவும் செய்கிறோம். ‘வருகிறது’ என்ற அந்தத் துணைவினையில் ஒரு வசதி இருக்கிறது. மாலையைப்போல் அதற்கும் யாரும் பொறுப்பில்லை. அவ்விடத்தில் தொல்காப்பியரின் மாணவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆக்கத்தைச் சொன்னவரிடம், நம்மிடமே ஆயினும், காரணத்தைக் கேட்பது. எரு இல்லையா? களை மிகுந்ததா? நீர் நின்றதா? பயிர் தானாக வாடியது என்று சொல்லிவிட்டு வரப்பிலிருந்து எழுந்து போகும் உரிமை உழவனுக்கு இல்லை.